பதினான்காவது வால்வு

நான்கு கிலோ இரும்பு.
மேலே குறுக்குக் கம்பி, கீழே சதுர வாய்.
டீ சாவி என்பார் ஒப்பந்தக்காரர்.
எனக்கு அது வலது தோளின் ஒரு பாகம்.

நாவலஞ்சேரியில் முதலில் இரண்டே வால்வு.
ஒன்று ஊருக்கு,
இரண்டு காலனிக்கு.
ஊருக்கு ஆறு மணி.
காலனிக்கு எட்டரை, தொட்டியில் மிச்சமிருந்தால்.
யாரும் எழுதிவைக்கவில்லை இதை;
குழாய் பதிக்கும் முன்பே அந்த நேரம் இருந்தது.
காலனிக்காரி கையால் திறந்த தண்ணீரை
ஊர் குடிக்குமா என்று
பஞ்சாயத்தில் ஒரு மணி நேரம் பேசினார்கள்.
குடித்தார்கள். கோடை அப்படி.
சாவியை மட்டும்
தொட்டி வேலிக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள்.

கன்னியப்பரின் நெல்
வெள்ளைக் கற்களாக முளைத்த வருஷம் மூன்றாவது வால்வு.
சாலையோரம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்ப எழும்ப
நான்கு, ஐந்து, ஏழு.
எட்டைப் பதிக்கும்போது நான் ஆறு மாதம்.
குனியாதே என்று சைகையில் சொன்னவர்
பள்ளம் தோண்ட வந்த ஒடிசாக்காரர்.
இப்போது பையன் பத்தாவது படிக்கிறான்.
எட்டாம் மூடியை மிதிக்கும்போதெல்லாம்
லேசாக இடுப்பு வலிக்கும்.

வந்தவர்களுக்கு
ஊர் எது காலனி எது தெரியாது.
ராணிப்பேட்டை, நாகர்கோவில், கட்டாக்,
எங்கேயோ விற்ற நகைக்கு இங்கே இரண்டாம் மாடி.
அவர்கள் கேட்பது ஒன்றுதான்:
எத்தனை மணிக்கு வரும்?
வாட்ஸ்அப்பில் என் பெயர் வாட்டர் அக்கா.
தெரு இல்லாத ஒரு பெயருக்குள்
இவ்வளவு காலை நீட்டலாம் என்று
எனக்குத் தெரியாது.

மாநகராட்சியில் சேர்த்த மாதம்
பெனாசிர் வந்தார், இன்ஜினியர்,
ஸ்கூட்டி சீட்டில் லேப்டாப்பைத் திறந்துவைத்து.
"வரிசையாச் சொல்லுங்கக்கா,
அந்த வரிசையிலதான் டைம் போடப்போறோம்.
ஒன்றாம் நம்பர் எது?"

வெயில்.
எங்கேயோ டைல்ஸ் அறுக்கும் சத்தம்.
இருபத்தாறு வருஷம்
அந்தக் கேள்விக்கு ஒரே பதில்.
சாவியை நீட்டிக் காட்டினேன்,
எங்கள் தெரு முனையை,
வேப்பம்பழம் நசுங்கிக் கிடந்த மூடியை.
"இதான்."
தட்டினார்.
அவ்வளவுதான். ஒரு விரல்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு
எங்கள் தெருவில் குடங்கள் பேசின.
தேசம்மா கதவைத் திறந்து
"யார்டி செத்தாங்க?" என்றாள்,
அந்நேரத்துத் தண்ணீருக்கு
வேறு காரணம் அவளுக்குத் தெரியவில்லை.

ஏழு மணிக்கு எத்திராஜ் வந்தார்,
காதுவரை மஃப்ளர்.
"மாத்திட்டியா?"
"மேப்புல அப்படி இருக்கு சார், கம்ப்யூட்டர்" என்றேன்.
கொஞ்ச நேரம் மூடியையே பார்த்தார்.
அவர் மகன் வாடகைக்கு விட்டிருக்கும்
பதினொன்றாம் வால்வு வீடுகளில் பிரஷர் இல்லையாம்.
அதைப் பற்றிப் பேசினோம்.

அந்தக் காலத்தில் இங்கே
காற்று நன்றாக இருந்திருக்குமே என்று
மாடிவீட்டு அம்மாக்கள் கேட்கிறார்கள்.
நன்றாகத்தான் இருந்தது.
வேலிக்கு வெளியேயும்
அதே காற்றுதான் அடித்தது.

பதினான்காவது வால்வுக்கு இன்னும் வீடுகள் இல்லை.
மஞ்சள் தலைக் கற்கள், கோரைப்புல்,
ஏரிப்பக்கம் சாய்ந்த ஒரு பலகை.
துரு ஏறாமலிருக்க
வாரம் ஒருமுறை அரைச் சுற்று திறக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
குழாய் முதலில் இருமும்,
பிறகு வெறும் காற்று,
பிறகு டீ நிறத்தில் தண்ணீர்.
கோரைக்குள்ளிருந்து செம்போத்து ஒன்று
நடந்தே வந்து குடிக்கும்,
ஒவ்வொரு வாய்க்கும் என்னைப் பார்த்துக்கொண்டு.

மூடப் போனவள்
இன்னும் கால் சுற்று விட்டேன்.