ஆண்டுக்கு ஒரு தும்மல்

ஏழு நிமிடம் தந்தார்கள்.
எலுமிச்சை வடிவச் சமையல் கடிகாரத்தை முறுக்கிவைத்து
மூன்று வாரம் பழகியிருந்தோம்
வீப்கேயும் நானும்,
பிரேமன் விமான நிலையத்துக்குப் பின்னால்
வாடகை பாக்கியுள்ள பட்டறையில்.

வீப்கே பெரிய நிறுவனத்தில்
இறக்கைகளுக்குக் கணக்கு எழுதும் வேலையை விட்டு வந்தவள்.
அவள் அம்மா இன்னும் அக்கம்பக்கத்தில் சொல்வது:
நீண்ட விடுப்பில் இருக்கிறாள்.

நாங்கள் செய்வது ஒரு வால்வு.
புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது.
செயற்கைக்கோளின் வயிற்றில் உட்கார்ந்து
செனான் வாயுவைச் சிட்டிகை சிட்டிகையாய்
அவிழ்த்துவிடும், அடைத்துக்கொள்ளும்.
மூடியிருக்கும்போது அதையும் மீறிக் கசிவது
ஆண்டுக்கு ஒரு தும்மல்.
அதைப் பாதித் தும்மலாக்க
எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது.

மேடையில் அதைச் சொல்லாதே என்றாள் வீப்கே.
"தும்மலுக்கு யாரும் முதல் போட மாட்டார்கள்.
சந்தையைச் சொல்."
சொன்னேன்.
இரண்டாயிரத்து முப்பத்தைந்தில் இத்தனை பில்லியன் என்று
எங்கோ எடுத்த எண்ணை
சொந்த வீட்டுக் கதவிலக்கம்போலக் கூசாமல்.

நடுவர் நால்வர்.
வங்கிக்காரர், அமைச்சகத்துக்காரர்,
காப்பீட்டிலிருந்து வந்த திருமதி ஓல்ட்மான்ஸ்,
தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்த ஒருவர்.
விண்ணில் பறந்திருக்கிறதா என்றார் வங்கிக்காரர்.
மானியம் வந்தால் பறக்கும் என்றேன்.
பறந்திருந்தால் மானியத்துக்குப் பரிசீலிக்கலாம்
என்றார் அமைச்சகத்துக்காரர்.
பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்,
கல்யாணம் ஆனால் தெளியும் பைத்தியம்.
இதை ஜெர்மனில் சொல்ல வராமல்
சிரித்துவைத்தேன்.

தண்ணீர்க்காரர்தான் கேட்டார்:
உள்ளே அந்த வளையம் எதனால் ஆனது?
வளையத்தை டிஷ்டுங் என்றார்.
கசிவை அடைக்கும் வளையத்துக்கும்
கவிதைக்கும்
இந்த ஊரில் அந்த ஒரே சொல்தான்.
பதில் சொல்ல வாய் திறந்தேன்.
திரையில் எண்கள் சிவந்து
பூஜ்யத்தில் நின்றன.

முதல் பரிசு,
பார்லி வயலை மேலிருந்து பார்த்து
பீர் விலையைக் கணிக்கும் மென்பொருளுக்கு.
நல்ல பையன்கள். ஒரே மாதிரி வெள்ளைக் காலணி.
எங்களுக்கு மூன்றாவது:
ஐயாயிரம் யூரோ,
ஆளுயர அட்டையில் அச்சடித்த காசோலை.
காசு, செலவு ரசீதுகளைக் காட்டிய பிறகு வருமாம்.
செலவழிக்கக் காசு எங்கே என்று கேட்கும் கட்டம்
அந்தப் படிவத்தில் இல்லை.

ஆறாம் எண் டிராமில்
அட்டை கதவில் சிக்கியது.
ஓட்டுநர் இறங்கி வந்து
பூஜ்யங்களை எண்ணிப் பார்த்து
வாழ்த்துச் சொன்னார்.
மழை. ஓரம் ஊறி
என் பெயரின் கடைசி எழுத்து கரைந்தது.
இருக்கட்டும்,
விசாவிலும் அது தப்பாகத்தான் இருக்கிறது,
அக்டோபர் வரைக்கும்.

பட்டறைக் கதவிடுக்கில் எப்போதும் காற்று சீறும்.
வீப்கே அட்டையை அங்கே சாத்தினாள்.
சீறல் நின்றது.
இதுவும் டிஷ்டுங்தான் என்றாள்.

காலையில் திருப்பித் தரவேண்டிய
வாடகைக் கசிவுமானியை
மறுபடி ஒருமுறை ஓடவிட்டோம்.
வால்வுக்கு ஹீலியம் ஊட்டினோம்.
எண் இறங்கியது, இறங்கியது,
கருவியின் பார்வைக்கும் கீழே போய்
வெறும் கோடாகிவிட்டது.
கைதட்ட ஆளில்லை.
ரொட்டியைக் கடித்தபடி
வீப்கே தலையாட்டினாள், ஒரு தடவை.

அடுத்த மானியத்துக்கு
வெள்ளி மாலை ஐந்து மணி கடைசி.
எண்பத்து நான்கு பக்கம்.
முதல் கட்டம்: உங்கள் புதுமையை விவரிக்கவும்.
எழுதினேன்:
அது கசியாது.
மீதியை வெறுமையாக விட்டேன்,
வெற்றிடத்துக்குத்தானே செய்தோம்.

படிவம் ஏற்கவில்லை.
குறைந்தது ஐந்நூறு எழுத்து வேண்டுமாம்.
வீப்கே எழுந்துபோய்
எலுமிச்சையை முறுக்கினாள்.