இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

நாலாம் பாகம் எப்போதும் காயத்தோடுதான் திரும்பி வருகிறது.
மற்ற பாகங்களில் ரொட்டித் துகள், குளியல் தொட்டி ஈரம்,
ஒருமுறை ஒரு பால்பல்.
இதில் மட்டும் பென்சில்.

லியெபாயாத் துறைமுகக் காற்று
எனக்கு முன்பே நூலகக் கதவைத் தள்ளும் ஜனவரியில்
அழிப்பானோடு உட்கார்ந்து
குழந்தைகளின் கோபத்தைத் தேய்ப்பேன்.

ஆலைக்காரன் மகள் மிர்த்தா,
ஓநாய்ப் பாஷை தெரிந்தவள்,
முதல் பாகத்திலேயே ஏழு பொய் சொன்னவள்
(இரண்டு, தேவையே இல்லாதவை),
நாலாம் பாகத்தில், எலும்புப் பாலத்தின் நடுவில்,
தம்பி கை நீட்டும்போது
ஓடினாள்.

அவ்வளவுதான்.
காலில் வெந்நீர் கொட்டியதுபோல என்றோ
கண்ணீர் மல்க என்றோ
எழுதியவர் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.
ஓடினாள். முற்றுப்புள்ளி. அடுத்த அத்தியாயம்.

கூட வரும் இளவரசன்
அண்ணன் நிழலை மூன்று குதிரைக்கு விற்றவன்;
அதில் ஒன்று நொண்டி என்பதுதான் இன்றுவரை அவன் குறை.
உறங்கும் அரசி உறங்கவே இல்லை,
வரிக்கணக்குப் பார்க்கப் பிடிக்காமல்
நூறு வருஷமாகக் கண்ணை மூடிக் கிடக்கிறாள்.
இவர்களையெல்லாம் பிள்ளைகள் மன்னித்துவிடுகிறார்கள்,
சிரிக்கக்கூடச் செய்கிறார்கள்.
மிர்த்தாவை மட்டும்

விடுவதில்லை.
'ஓடினாள்' மேல் கோடு, பக்கத்தில் 'நின்றாள்'.
வேறொரு பிரதியில்: 'பறந்தாள், உதவி கொண்டுவர'.
ஊதா மையில்: 'கோழை'.
அதன் கீழே, இன்னொரு கையெழுத்து: 'நீ இருந்திருந்தா?'
அதை மட்டும் நான் அழிக்கவில்லை.
யாரோ தம்பியின் கையை நீட்டி வரைந்திருக்கிறார்கள்,
ஓரம் தாண்டி, எதிர்ப்பக்கம் வரை,
அவள் கழுத்துப்பட்டியைப் பிடிக்கிற நீளத்துக்கு.

மூன்றாம் பிரதியில் அந்தத் தாளே இல்லை.
இருநூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்து இருநூற்றுப் பதினைந்து.
கடைசியாக எடுத்தவன் ரெனார்ஸ். பதினொரு வயது.
அபராதம் இரண்டு யூரோ நாற்பது.
சில்லறையை மேஜையில் அடுக்கினான்,
இருபது இருபதாக.
"அவளைப் பிடிக்கலையா?"
பதில் இல்லை.

டிசம்பரில் ஏரிப் பனி
இரண்டு பையன்களைக் கொஞ்ச நேரம் தாங்கியது,
பிறகு ஒருவனைத் தாங்கவில்லை.
இங்குஸ் பிழைத்துவிட்டான்.
இடது கையில் இரண்டு விரல் இன்னும் மரத்திருக்கிறதாம்.
கூட இருந்தவன் ஆள் கூட்டிவர ஓடியதாக
ரெனார்ஸின் அம்மா கடைக்குக் கடை சொல்கிறாள்.
பனியில் துளையிட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் என் மைத்துனர்.
என்னை யாரும் கூப்பிடவில்லை, என்றார்,
தொப்பி தெரிந்தது, போனேன்.

ரெனார்ஸ் கையுறையைக் கழற்றினான்.
உள்ளங்கையில், எட்டாக மடித்த தாள்.
வியர்வையில் ஊறி, துணிபோல ஆகியிருந்தது.
"திருப்பிக் கொடுக்கணுமா?"

பிரித்தேன்.
சொல்லை அடிக்கவில்லை. அதன் வாலை மட்டும்.
ஓடினேன்.
பென்சில் அழுந்தி அந்த இடத்தில் தாள் கிழிந்து
மேஜை மரம் தெரிந்தது.

அழிப்பான் என் கையிலேயே இருந்தது.
அதைப் பையில் போட்டுக்கொண்டேன், திருடியவள்போல.
"வேண்டாம். வச்சுக்கோ."

"அஞ்சாவதுல அவ பாலத்துக்குத் திரும்பிப் போறாளா?"
"போறா. லேட்டா."
"தம்பி?"
"படிச்சுப் பாரு."
புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றான்.
"இன்னொண்ணு, இங்குஸ் பேர்ல எடுக்கலாமா?"
விதிப்படி அவனே வர வேண்டும் என்றேன்.
பதினெட்டு வருஷமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம்,
யோசிப்பதற்குள் வெளியே போய்விட்டது.
அவன் தலையாட்டினான்.
கதவைக் காற்றே சாத்தியது.

இப்போது ஐந்தாம் பாகத்தின் இரண்டாம் பிரதி
முன்பதிவுத் தட்டில் இருக்கிறது.
சீட்டில் இங்குஸ் என்று எழுதி வைத்தேன்.
சனிக்கிழமை வரைதான் வைத்திருக்கலாம்.
போன சனிக்கிழமையும்
அப்படித்தான் எழுதினேன்.