மூன்று புள்ளிகள்

வியாழன் இரவுவரை அது அங்கேதான் இருந்தது,
திரையின் இடப்பக்க மேல்மூலையில்,
சாம்பல் நிறத்தில், அழகில்லாமல்,
ஒரு சின்னப் பெட்டிக்குள்:
அச்சிடு.

பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட
சோல்ஃப்ரித் அதைப் பார்த்ததில்லை.
பார்க்காமலேதான் அழுத்தினாள்,
நடுராத்திரியில் எழுந்தவள் கை
சுவிட்சைத் தேடாமல் தொடுவதுபோல.

வெள்ளி, காலை ஐந்தரை.
பாட்ஸ்ஃபியோர்ட் துறையில் மைனஸ் பதினான்கு.
எய்லெர்ட்டின் படகு வந்து கட்டியாயிற்று.
காட் மீன் இறங்கியாயிற்று.
தராசு சொல்லியும் விட்டது:
நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.
தராசுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

கணினி திறந்ததும் பலூன்கள் பறந்தன.
வணக்கம் சோல்ஃப்ரித்!
உங்களுக்காக எல்லாவற்றையும் எளிமையாக்கிவிட்டோம்.
சுற்றிப் பார்க்கலாமா?
சரி என்று ஒரு பொத்தான்.
பிறகு நினைவூட்டு என்று இன்னொன்று.
வேண்டாம் என்ற சொல்லை
ராத்திரியோடு ராத்திரியாக
யாரோ நாடு கடத்தியிருந்தார்கள்.

கை பழக்கத்தில் மேல்மூலைக்குப் போனது.
அங்கே இப்போது ஒரு வீடு.
கூரை, புகைபோக்கி, கதவு.
அழுத்தினாள்.
முதல் பக்கம் வந்தது. கிலோவைக் காணோம்.

திரும்பத் தராசு, திரும்ப எண்கள்.
ஒரு பற்சக்கரம் இருக்கிறது.
சிவப்பில் மூன்று என்று காட்டும் மணி இருக்கிறது.
காகித விமானம் ஒன்று;
தொட்டால் எய்லெர்ட்டின் மீன் மொத்தமும்
ஒஸ்லோவில் யார் மேசையிலாவது போய் இறங்கிவிடும்.
எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை
மறுபடி படப்புத்தகத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

கண்ணாடியில் தட்டினான் எய்லெர்ட்,
தாடியெல்லாம் உறைபனி.
என்ன ஆச்சு?

எல்லாம் எளிமையாகிவிட்டது, என்றாள்.

உதவி எண்ணைக் கூப்பிட்டாள்.
வரிசையில் நீங்கள் இருபத்தேழாவது.
அந்த இசைக்கு நடுவில் சட்டென்று அவர்கள் தெரிந்தார்கள்.
பெர்லெவாக்கில் ஒருத்தி, மெஹம்னில் ஒருத்தன்,
இருட்டுக் கரை முழுக்க விளக்கெரியும் சன்னல்கள்,
ஒவ்வொன்றிலும்
மேல்மூலைக்குப் போய்த் திகைத்துத் திரும்பும்
சின்ன வெள்ளை அம்பு.

சீட்டுக்காக நின்றிருந்த லாரிக்காரன் கெஸ்டுடிஸ்
கையுறையைக் கழற்றாமலே சுட்டினான்.
வலது ஓரத்தில்
ஒன்றன்கீழ் ஒன்றாய் மூன்று புள்ளிகள்,
நம் ஆய்த எழுத்தை யாரோ
ஒல்லியாக்கி நிமிர்த்தி வைத்ததுபோல.
சொல்லாமல் விட்டதற்குத்தான்
மூன்று புள்ளி என்று படித்திருந்தோம்.
சொன்னதையே ஒளித்துவைக்கவும் அதுதானாம்.

உள்ளே பகிர், ஏற்றுமதி, மேலும்.
மேலுமுக்குள் இன்னொரு மூன்று புள்ளி.
அதற்குள், கடைசியில்,
தண்டனை பெற்ற பிள்ளைபோல் முகம் திருப்பி நின்றது
அச்சிடு.

அச்சு இயந்திரம் இருமியது. சீட்டு வந்தது,
குறுக்குவாட்டில்.
எடை என்ற இடத்தில் நாற்பத்தொன்று.
கடைசி இரண்டு
காகிதத்தின் ஓரத்தைத் தாண்டிக் கடலில் விழுந்துவிட்டது.

எய்லெர்ட் சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.
அவள் இழுப்பறையைத் திறந்து
நீலப் பேனாவை எடுத்து வாயால் ஊதிச் சூடாக்கி
இரண்டு என்று போட்டாள்.
கொஞ்சம் பெரிதாகவே.
பக்கத்தில் கையெழுத்து.
கெஸ்டுடிஸ் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.
ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

லாரி கிளம்பிய பிறகு
ஐந்து நட்சத்திரங்கள் எழுந்து வந்தன,
புதிய அனுபவம் எப்படி இருந்தது என்று.
மூடும் குறி எங்கே என்று பார்த்தாள். இல்லை.

வெளியே அடுத்த படகின் பச்சை விளக்கு
அலைதடுப்பைச் சுற்றித் திரும்புகிறது.
அவள் கை தானாகவே
இடப்பக்க மேல்மூலைக்குப் போய் நிற்கிறது.

வீடு, என்கிறது திரை.

மணி இன்னும் ஆறே ஆகவில்லை.