சத்தமில்லாத தும்மல்

"சத்தமே வராமல் தும்முகிறீர்களே,
எவ்வளவு நாளாக?" என்கிறார் டாக்டர்.
முப்பது வயதுகூட இருக்காது அவருக்கு.
நாற்பத்து மூன்றிலிருந்து என்கிறேன்.
எழுதப்போன பேனா
நின்று, என்னைப் பார்க்கிறது.

நாக்கை மேலண்ணத்தில் அழுத்த வேண்டும்.
மேலுதட்டின் நடுவே ஒரு விரல்.
கண்ணை மூடவே கூடாது.
முதல் நாலு நாள் காதுக்குள் வெடிக்கும்,
அப்புறம் உடம்பு படிந்துவிடும்.
ஏழு வயது உடம்பு
எதற்கும் படியும்.

அப்பா சபெத்தாய்
தெஸலோனிகி துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்.
மலை ஊர் ஸ்தெர்யோஸின் புகையிலைச் சிப்பங்களைப்
பதினோரு வருஷம் முதுகில் சுமந்தவர்.
ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களுக்கு
முள்கம்பி கட்டிய அந்த மார்ச்சில்
ஸ்தெர்யோஸின் வண்டியில் ஒரு சிப்பம் கூடுதலாக ஏற்றினார்.
கூலி வேண்டாம் என்றார்.
சாக்குக்குள் நான்.

பலோம்பா என்றால் புறா.
வண்டி மலையேறி முடிவதற்குள்
அர்கிரோ ஆகிவிட்டேன்.

பரணில் ஒரு பலகைச் சந்து,
என் நீளத்துக்கு அளந்து அடித்தது.
அந்த வருஷம் நான் வளர்ந்தேன்,
பலகை வளரவில்லை.
முன்னால் சரம்சரமாகப் புகையிலை,
காய்ந்து, உரசி,
மூக்குக்குள் மிளகாய் அரைக்கும்.

எங்கள் தெருவில் தும்மல்
ஒருத்தர் சமாச்சாரம் கிடையாது.
இந்த ஜன்னலில் தும்மினால்
எதிர் ஜன்னல் சொல்லும்: பீவாஸ்.
வாழ்வாய் என்று அர்த்தம்.
மீன்காரர் நின்று சொல்வார்,
சண்டையில் இருக்கும் அத்தைகூடச்
சண்டையை நிறுத்திச் சொல்லிவிட்டுத்
தொடர்வாள்.

அக்டோபரில் வந்தார்கள்.
ஏணியில் ஏறியது ஒருவன் மட்டும்.
துப்பாக்கி முனையால் சரங்களை விலக்கினான்.
தூசி எழும்பியது.
நாக்கு, விரல், திறந்த கண்,
எல்லாம் தயார்.

தும்மினது அவன்.

ஒன்று. இரண்டு. மூன்று.
வெட்கமில்லாமல், வாய்விட்டு,
சொந்த வீட்டில் தும்முகிற மாதிரி.

என் தொண்டையில் ஏறி வந்தது
தும்மல் இல்லை, டாக்டர்.
பீவாஸ்.
பாலோடு இறங்கிய சொல்,
ஆள் பார்க்கத் தெரியாது அதற்கு.
இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன்.
பல்லில் முட்டியது. விழுங்கினேன்.

கீழே ஏணியடியில் நின்ற ஸோயித்ஸா
கிரேக்கத்தில் சொன்னாள்: யீட்ஸெஸ்.
டாங்கே என்றான் அவன்.
இறங்கினான்.
போகும்போது
பதினாறு முட்டைகளையும் எடுத்துப்போனான்.

போர் முடிந்து ஊருக்குத் திரும்பினேன்.
எங்கள் கதவுக்கு யாரோ பச்சை அடித்திருந்தார்கள்.
மாடியில் ஒரு பெண் விரிப்பை உதறினாள்,
எனக்குத் தெரியாத பெண்,
எனக்குத் தெரிந்த விரிப்பு.
தெரு நடுவில் நின்றேன்.
இனி அடக்க வேண்டியதில்லை என்று
உடம்புக்குச் சொன்னேன்.
தும்மல் வந்தது, சத்தம் வரவில்லை.
அதனால்
எந்த ஜன்னலும் வாய் திறக்காததற்கு
ஜன்னல்களைக் குறை சொல்ல முடியாது.
சொல்லக்கூடியவர்கள் யாரும்
அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் இல்லை
என்பது வேறு விஷயம்.

சொட்டு மருந்து எழுதுகிறார்.
ராத்திரி இரண்டு சொட்டு, தலையைச் சாய்த்து.
"ஊற்றிவிட வீட்டில் யாராவது?"
இல்லை, நானே ஊற்றிக்கொள்வேன்.

மருந்தை நானே ஊற்றிக்கொள்ளலாம்.
அந்தச் சொல்லைத்தான் முடியாது.
தனக்குத் தானே சொல்லிக்கொண்டால்
பலிக்காது என்பாள் அம்மா.

விழுங்கின ஒன்று இன்னும் உள்ளே கிடக்கிறது.
யாருக்காக ஏறி வந்தது என்று நினைத்தால்
துப்பவும் மனமில்லை,
வேறு யாருக்கும் எடுத்துக் கொடுக்கவும்.