கடவை

வெரஹெரவுக்கு ஏழு மணிக்கே போய்விட்டேன்.
எனக்கு முன்னால் எழுபது பேர்.
வாசலில் போட்டோகாப்பிக் கடை, மீன் பணிஸ் பெட்டி,
பாஸ்போர்ட் நகலை மறந்து வருகிறவர்களை நம்பியே
பிழைக்கிற ஒரு குட்டித் தெரு.

ஈரோட்டில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவள் நான்.
பெருந்துறை ரோட்டில், லாரிகளுக்கு நடுவில்,
ஆடிக் காற்று காரைத் தள்ளும்போதும்.
உரிமம் காலாவதியானதை
இங்கே வேலைக்கு வந்து நாலு மாதம் கழித்துத்தான் பார்த்தேன்.
"அப்ப முதல்ல இருந்து" என்றார் கவுண்டரில் இருந்தவர்.
முதல் என்றால் எல் போர்டு.

நுகேகொடையில் மருத்துவம்.
"கண்ணாடி போடுறதா?"
"படிக்க மட்டும்."
"அப்ப ஓடக்குள்ள ஒண்டும் படிக்க மாட்டீங்களா?"

எழுத்துப் பரீட்சைக்கு மூன்று மொழி.
யோசிக்காமல் தமிழுக்கு நேரே கோடு போட்டேன்.
தாளைத் திருப்பினால்
எழுத்தெல்லாம் தெரிகிறது, விஷயம் தெரியவில்லை.
சாரதி என்று எனக்குத் தெரிந்த ஒருவர்
திருவல்லிக்கேணியில் மீசையோடு நிற்கிறார்.
வீதியில் எங்கள் ஊரில் சாமி போகும்,
டிப்பர் போகாது.
கடவை என்ற சொல் மூன்று கேள்வியில் வந்தது.
முதலில் ரயில்வே கேட் என்று நினைத்தேன்,
பிறகு ஏதோ சந்து,
மூன்றாவதில் அபராதத்துக்கு இன்னொரு பெயர்.

தேறவில்லை.
"சொந்த பாஷையிலயே பெயிலா" என்று
போனில் அவர் சிரித்ததை
லவுட் ஸ்பீக்கரில் அலுவலகமே கேட்டது.

அடுத்த தவணைக்குக் காத்திருந்த பெஞ்சில்
பக்கத்தில் சுகிர்தமலர்.
என் வயதுதான் இருக்கும். மடியில் கனடா பாஸ்போர்ட்.
பிறந்தது வெள்ளவத்தை, கனால் பக்கம்.
எண்பத்து மூண்டில போனது,
போன மாசியில வந்தது.
"உங்களுக்கும் வெளிநாட்டுக்காரற்ற வரிசையோ?" என்றார்.
"எனக்குமாம்."
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை,
எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

என் வழிகாட்டி நூலின் ஓரத்தில்
பென்சிலால் எழுதித் தந்தார்.
"கடவை எண்டால் கடக்கிற இடமப்பா, இதில என்ன?"
அவருக்குத் தமிழில் சிக்கல் இல்லை.
முப்பது வருஷம் டொரொண்டோவில் வலப்பக்கம் ஓட்டிய கை.
திரும்பப் போகிறேன் என்று காட்ட நினைக்கும்போதெல்லாம்
வைப்பரைத் தட்டிவிடும்.
சாயங்காலங்களில் என் ஆபீஸ் காரில்,
நிறுத்தி வைத்த காரில்தான்,
இடது, வலது, இடது என்று தட்டிப் பழகினோம்.

ஓட்டப் பரீட்சை அன்று
"எலில் அரசி" என்று கூப்பிட்டார்கள்.
எலிகளின் அரசி எழுந்து போனேன்.
பரீட்சகர் வெத்தசிங்க பேசவே இல்லை,
பேனா மட்டும் பேசியது.
பீப்பாய்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்தாகிவிட்டது,
மேட்டில் நிறுத்திக் கிளப்பியாகிவிட்டது.
திரும்பி வரும் வளைவில்
சதுப்பிலிருந்து ஏறி வந்தது ஒரு கபரகொய்யா,
ஆறடி இருக்கும்,
நாக்கை நீட்டி நீட்டித் தாரைச் சோதித்துக்கொண்டு.
எந்தப் புத்தகத்திலும் இதற்கு விதி இல்லை.
நின்றேன்.
ஹார்ன் மேல் கை வைக்கவில்லை.
வால் முழுதும் புல்லுக்குள் போன பிறகு
"ஹரி" என்றார் அவர். ஏதோ எழுதினார்.

அட்டை வந்தது.
போட்டோவில் பாதிக் கண் மூடியிருக்கிறேன்.
என் விசா முடிகிற நாளே இதற்கும் கடைசி நாள்.

சுகிர்தமலருக்கு இந்த முறையும் இல்லை.
மழையில்லாத பகலில் வைப்பர் ஆடிற்றாம்.
அவரைக் கொண்டுபோய்விடத்தான்
நான் முதன்முதலாகக் காலி வீதியில் ஏறினேன்.
கனால் தாண்டினதும்,
"இதில நிப்பாட்டுங்கோ, எங்கட வீடு
அந்தப் பக்கம் இருந்தது" என்று இறங்கினார்.
மஞ்சள் கோடு அங்கிருந்து நூறு அடி தள்ளி.
அவர் அதைப் பார்க்கவில்லை.
பையை நெஞ்சோடு பிடித்து
ஒரு கையை மட்டும் உயர்த்திக்கொண்டு
நேராக இறங்கிவிட்டார் வீதியில்.

பின்னால் நூறாம் நம்பர் பஸ்
ஹார்னை அமுக்கியபடியே நின்றது.
நான் காரைக் குறுக்கே விட்டுக்கொண்டு
நகராமல் இருந்தேன்.