மூன்று புள்ளி இரண்டு

செங்காங், பதினொன்றாவது மாடி, இரவு ஒன்பதே கால்.
தட்டைத் தொட்டிக்குள் எறிந்தேன்.
உன் தங்கைக்குப் போன பணத்தைப் பற்றித்தான் ஆரம்பித்தேன்;
பாதியில் சொற்கள் வழுக்கின,
பிடரியில் வேர்வை,
விளக்கைச் சுற்றி ஒரு மங்கல்.

நீ பதில் சொல்லவில்லை.
கருவியை நீட்டினாய்.
"முதலில் விரலைக் குத்து, தவமணி."

எப்போதும் இதுதான்.
அழுதால் சீனி ஏறிவிட்டதா என்பாய்.
சிரித்ததற்கும் ஒருமுறை கேட்டிருக்கிறாய்.
ஆனால் போன மாதம், பதினாறில் இருந்தபோது,
பூன் லே வரை ரயிலில்
ஈரச் சாக்குபோல் கிடந்தேன்.
துக்கம் என்று நானே நம்பினேன்,
யாருக்கென்றுதான் தெரியவில்லை.

மூன்று புள்ளி இரண்டு.

ரிபீனா பாக்கெட்டை உறிஞ்சுகிறேன்.
பதினைந்து நிமிடம் நாற்காலியில்,
வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளைபோல்.
கீழே எவனோ லாரியைப் பின்னால் எடுக்கிறான்,
பீப், பீப்.
கை நடுக்கம் அடங்குகிறது.
நீ சில்லுகளைப் பொறுக்குகிறாய்.
பார்த்து, விரலைக் கிழித்துவிடும்.

மறுபடி ஒரு குத்து.
ஐந்து புள்ளி ஒன்பது.
நீ மூச்சு விடுகிறாய்,
எல்லாம் தீர்ந்துவிட்டதுபோல்.

உட்கார், நேசா.
இப்போது சொல்.
அந்த நாலாயிரம் வெள்ளியை
என்னைக் கேட்காமல் ஏன் கொடுத்தாய்?