ஒலியோ, அக்குவா

கிண்ணியாவில் நஸ்றுல்லா நானாவின்
கோழிகளிடமிருந்து வாங்கினேன்.
அவருக்குக் காசு,
அவற்றுக்குப் புதுக் கூடு.
பேரம் அப்படித்தான் முடிந்தது.
பின்சீற்றில் அடைகிடந்த பேடு மட்டும்
சம்மதிக்கவில்லை.
குஞ்சு பொரிக்கும்வரை பொறுத்திருந்து
லொறியில் ஏற்றினோம்
அறுபத்தோராம் ஆண்டு ஃபியட்டை.

பகலில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுப்பவள் நான்.
மூச்சைப் பிடியுங்கோ.
விடுங்கோ.
ஒரு நாளைக்கு நாற்பது நெஞ்சுகளுக்குச் சொல்கிறேன்.
இரவில் லிங்கநகர் வீட்டுத் தகரக் கொட்டகையில்
காருக்கு அடியில் மல்லாந்து படுத்து
உள்ளே டோர்ச்சை எரியவிட்டுப் பார்க்கிறேன்.
தரைத்தகடு முழுக்கப் புள்ளிப் புள்ளியாய் வெளிச்சம்.
கடற்காற்று
அறுபது வருசமாக
அவசரப்படாமல் ஏற்றிய ஊசி.
மூச்சைப் பிடி, என்றேன் அதனிடமும்.

எங்கள் ஊரில் இரும்பு கனநாள் இரும்பாக இராது.
கேற், கட்டில்கால், கிணற்றுக் கப்பி,
துறைமுகத்தில் நிற்கும் கப்பல்
எல்லாம் கறளுக்கு வட்டி கட்டுகின்றன.

டாஷ்போர்ட்டில் இரண்டு சின்ன மணிக்கூட்டு முகங்கள்.
தண்ணீருக்கு அக்குவா என்று எழுதியிருக்கிறது.
எண்ணெய்க்கு ஒலியோ.
எண்ணெய் குறைவு,
ஒலியோ தாராளம் என்றார் சதானந்தன்.
என் சம்பளச் சிட்டையைப் பார்த்த நாளிலிருந்து
அவருக்கு இத்தாலி பிடிக்காது.
தூரினிலிருந்து மூன்று மாதம் கழித்து
சுங்கக்காரர் பிரித்து ஒட்டிய பெட்டி வந்தது:
பின்விளக்குக் கண்ணாடி இரண்டு.
இரண்டும் இடப்பக்கத்துக்கு.

சுரண்டினேன்.
பச்சைக்குக் கீழே வெள்ளை.
வெள்ளைக்குக் கீழே, சாரதிக் கதவில்,
சுண்டுவிரல் நுனி அளவு ஒரு வட்டம்.
யாரோ நிரப்பி, தேய்த்து,
பெயின்ற் பூசி மறந்திருக்கிறார்கள்.
ஈயத்தால் வந்ததை
ஈயத்தாலேயே அடைத்திருக்கிறார்கள்.
எந்த ஆண்டு என்று பெயின்ற் சொல்லாது.
அந்த அளவு எனக்குத் தெரியும்.
படம் எடுத்திருக்கிறேன்.

பியதிஸ்ஸ பாஸ் வெல்டிங் முகமூடியை உயர்த்தி
அதைப் பார்த்தார்.
பிறகு என்னை.
"இது விடுறதா, மூடுறதா, மிஸ்?"
மூடுங்கோ, என்றேன்.
மழைத்தண்ணி போகும்.

அன்றிரவு கண்ணாடிகளுக்கு வீரகேசரி ஒட்டி
வெள்ளை அடிக்கத் தயாராக வைத்தேன்.
விடிய வந்து பார்த்தால்
ஞாயிறு இதழில் பாதியைக் காணோம்.
மணமகள் தேவைப் பக்கத்தை மென்றபடி
கொட்டகை வாசலில் ஒரு புள்ளிமான்.
மற்றொன்று சீற்றுக்குள் தலையை விட்டுத்
தும்பை இழுத்துக்கொண்டிருந்தது.
இந்த ஊரில் மாடு கட்டையில் நிற்கும்,
மான் தெருவில் நிற்கும்.
யாரிடம் முறையிட?
திரும்ப ஒட்டினேன்,
இந்த முறை வேப்பெண்ணெய் தடவி.

பங்குனியில் ஒரு போயா நாள்.
இழுத்தேன், இருமியது.
இழுத்தேன், புகைத்தது.
மூன்றாம் தரம்
பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்து அழும்படி
எழும்பியது எஞ்சின்.
ஒலியோ ஊசி நடுங்கி, யோசித்து, ஏறியது.
ஸ்ரியரிங்கோடு ஒட்டிய கியர்த்தடியை
முதலாவதில் போட்டுக் கிளச்சை விட்டேன்.

பின்னால் போனது.

தண்டுகளை மாற்றிப் பூட்டியிருக்கிறேன்.
நான்தான், நானேதான்.
நல்லவேளை, கேற்றும் பின்பக்கம்.
சதானந்தன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓட,
பியதிஸ்ஸ பாஸ் நிலத்தில் குந்தியிருந்து சிரிக்க,
நான் கழுத்தைத் திருப்பி
றோட்டுக்கு இறங்கினேன்.
அரை மைல் இருக்கும்.
போக வேண்டிய இடத்தைப் பார்க்கக்
கழுத்து வலித்தது.
விட்டுவந்த வீடு
முன்கண்ணாடி முழுக்கச் சின்னதாகிக்கொண்டே போனது.

கடற்கரை வளைவில்
நடுறோட்டில் கிளைக்கொம்பு.
பிறேக் பிடிக்குமா என்று
அதுவரை நான் பார்க்கவில்லை.

பிடித்தது.
ஒரு முழம் இடைவெளி.
மான் அசையவில்லை.
பிறகு நடந்து வந்து
நேற்றுத்தான் நிக்கல் பூசி வந்த பம்பரை
ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை
நிதானமாக நக்கியது.

உப்பு.